செக்ரோலில் ஏறாத நேரம்

நாவலப்பிட்டியிலிருந்து தொலஸ்பாகைக்கும் கினிகத்தேனைக்கும் ஏறும் வீதிகளை ஒட்டிய தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளியின் மாதச் சம்பளம் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில்தான் முடிவாகிறது. காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கு. வேலை முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் முழுப்பேரோ (முழுநாள் கணக்கு) அரைப்பேரோ (அரைநாள் கணக்கு) விழும். மாதக் கடைசியில் அந்தப் பேர்களைக் கூட்டித்தான் சம்பளம். வேலை நேரத்தைக் கணக்கு வைக்கும் முறைகளில் இலங்கையில் இவ்வளவு நீண்ட காலம் நிலைத்தவை மிகக் குறைவு. கொழும்பு அலுவலகங்களில் கணினியில் டைம்ஷீட் நிரப்புகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். செய்த வேலை ஏட்டில் ஏறாத அதே சிக்கல் இங்கே நூறு வருடத்துக்கு மேலாகக் கிடக்கிறது.

செக்ரோலின் பலம் சிறியதல்ல. பழைய துண்டோடு ஒப்பிட்டால் அது தெரியும். 1921இல் சட்டம் போட்டு ஒழிக்கும் வரை, ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதற்குத் தொழிலாளர்களின் கடனைக் காட்டும் துண்டு தேவைப்பட்டது. அந்தத் தாளில் இருந்தது கடன். செக்ரோலில் இருப்பது உழைப்பு. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி சேரும் ஊழியர் சேமலாப நிதிக்கும், 1983ஆம் ஆண்டின் சட்டப்படி கிடைக்கும் பணிக்கொடைக்கும் அந்தப் பதிவே ஆதாரம். நாட்சம்பளக்காரருக்குப் பணிக்கொடை சேவைக்காலத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். முப்பது வருடம் மலையேறிய ஒரு பெண் அதைக் கேட்டு நிற்கும்போது அவருக்காகப் பேசுவது இந்த ஏடுதான். ஆனாலும் 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் வரை அதே ஏட்டில் ஆணின் பேருக்கு ஒரு சம்பளம், பெண்ணின் பேருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். ஏடு சரியாக இருந்தால் மட்டும் நியாயம் வந்துவிடாது.

பெரிய கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. செக்ரோல் நாளை எழுதுகிறது. அந்த நாளை நிறுப்பதோ தராசு. தோட்டம் வைத்த கிலோ அளவு வராவிட்டால், காலை முதல் மாலை வரை மலையில் நின்றவருக்கும் அரைப்பேர்தான். அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். தை, மாசி வறட்சியில் செடியில் கொழுந்தே இருக்காது. தென்மேல் பருவமழையில் கொழுந்து நிறைய இருக்கும், ஆனால் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தண்ணீருக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு, முற்றிய இலைக்கு இன்னொன்று. கழிவு எவ்வளவு என்பதைத் தராசுக்கு அந்தப்பக்கம் நிற்பவர் சொல்வார். 2021 மார்ச்சில் 1000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்த பிறகு, பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டி அரைப்பேர் போடுகிறார்கள் என்று தொழிற்சங்கங்கள் முறையிட்டன. கூலி உயர்ந்தது, பேர் சுருங்கியது.

லயக் குடியிருப்பிலிருந்து மலைக்கு ஏறும் நடையும், மடுவத்தில் முறைக்காகக் கொழுந்துச் சுமையோடு நிற்கும் நேரமும் எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை. அலுவலகத்தில் இதன் இணை மின்னஞ்சல். காலைப் பொழுதில் பாதியைப் பதில் எழுதியே கழித்தவரின் டைம்ஷீட்டில், வாடிக்கையாளர் பெயரும் திட்டத்தின் பெயரும் இருக்கும்; அஞ்சலுக்கு வரி இருக்காது. ஆகவே அந்த நேரத்தை வேறொரு வேலையின் தலையில் கட்டுகிறார், அல்லது இரவில் வீட்டில் உட்கார்ந்து ஈடுகட்டுகிறார். எழுதப்படாத வேலையைக் குறைக்க யாரும் முயல்வதில்லை. மடுவத்து வரிசை நீளமாகவே இருப்பதற்கும், அஞ்சல்பெட்டி நிரம்பி வழிவதற்கும் காரணம் ஒன்றே: அந்தத் தாமதத்துக்கு நிர்வாகம் காசு கொடுப்பதில்லை.

அலுவலகத்துக்கும் தோட்டத்துக்கும் ஒரு வேறுபாடும் உண்டு. 1958இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் தன் உறுப்பினர்களை நேரக்குறிப்பு வைக்கச் சொன்னது. வழக்கறிஞர் தன் நேரத்தைத் தன் கையால், ஆறு நிமிடத் துண்டுகளாகக்கூட எழுதிக் கட்டணம் கேட்கிறார். கொழுந்தெடுக்கும் பெண்ணின் நேரத்தை எழுதும் பேனா மேற்பார்வை பார்க்கும் கணக்கப்பிள்ளையின் கையில்.

கம்பனிகளின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. உற்பத்திச் செலவில் பெரும்பங்கு சம்பளம். வந்து நின்றதற்கே முழுப்பேர் என்றால் தோட்டம் ஓடாது என்கிறார்கள். செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்கும் முறையைச் சில இடங்களில் கொண்டுவந்திருக்கிறார்கள். நேரம் குடும்பத்தின் கைக்கு வருகிறது, உண்மை. ஆனால் பேர் போனால் சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் பிடிமானம் போய்விடும். அந்த விலை மிக அதிகம்.

மின்னணுத் தராசு வந்த தோட்டங்களில் நிறுவைச் சண்டை குறைய இடமுண்டு. அது தரும் சீட்டில் கிலோவோடு நின்றுவிடாமல் மலைக்கு ஏறிய நேரம், கொழுந்து நிறுத்த நேரம், எதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்ற மூன்றும் தமிழில் அச்சாக வேண்டும். பிரதி தொழிலாளியிடம் இருக்க வேண்டும். இப்போது இது இன்னும் அவசரம். 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் 1550 ரூபாய் நாட்சம்பளத்தோடு 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவை அறிவித்தது. வருகைக்கென்று பணம் கொடுத்தால், நாள் முழுதும் மலையில் நின்று அரைப்பேர் வாங்கியவர் அன்று வேலைக்கு வந்தவர்தான் என்பதைச் செக்ரோலிலும் எழுதியாக வேண்டும்.