லினக்ஸில் ஒலிப்பதிவுக் கூடம்: அளவீடும் சடங்கும்

தொழில்முறை ஒலிப்பதிவுக்கு லினக்ஸ் கணினி அமைக்கப் போகிறவர்களுக்கு முதல் நாளே கிடைக்கும் அறிவுரைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ரியல்டைம் கெர்னல் போடு, பயனர் கணக்கை ஆடியோ குழுவில் சேர், பல்ஸ்ஆடியோவை அகற்று, ஜாக் சர்வரை 64 சேம்பிளில் ஓட்டு. இவை எல்லாம் ஒரு காலத்தில் உண்மையான தேவையிலிருந்து பிறந்தவை. இன்று அவற்றில் பல தேவையற்றவை, சில கெடுதலே செய்பவை. கட்டற்ற மென்பொருளில் எந்த அடுக்கையும் திறந்து பார்க்கலாம், எதையும் அளக்கலாம். இவ்வளவு பெரிய வசதியைக் கையில் வைத்துக்கொண்டு, அளக்காமலே பழைய குறிப்புகளைப் பின்பற்றுகிறோம் என்பதுதான் இந்த நடைமுறையில் நான் காணும் பெரிய குறை.

குறிப்புகள் எப்படி உருவாயின என்பதைப் பார்த்தால் அவற்றின் நியாயம் புரியும். ஆல்சா ஒலி இயக்கி 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலோடுதான் லினக்ஸின் வழக்கமான ஒலி அமைப்பாக நிலைபெற்றது. ஏறக்குறைய அதே காலத்தில், அமேசானின் தொடக்க காலப் பொறியாளர்களில் ஒருவரான பால் டேவிஸ், ஆர்டோர் என்ற பல்தடப் பதிவு மென்பொருளையும் ஜாக் சர்வரையும் எழுதினார். ஒரு நிரலின் ஒலி வெளியீட்டை இன்னொரு நிரலின் உள்ளீட்டில், ஸ்டுடியோவில் கேபிள் சொருகுவதுபோல் சொருக ஜாக் வழிசெய்தது. ஆனால் அன்றைய கெர்னல் வட்டிலோ வலையிலோ ஒரு வேலையைத் தொடங்கிவிட்டால் ஒலிக்காக உடனே விட்டுக்கொடுக்காது. ஒலித் தரவு காத்திருக்கும் தற்காலிக இடமான பஃபர் காலியாகிவிடும், ஒலியில் சொடுக்கு விழும். இதைத்தான் எக்ஸ்ரன் என்கிறார்கள். கெர்னலை ஏறக்குறைய எந்த இடத்திலும் இடைமறிக்க விடும் ரியல்டைம் ஒட்டு வெளியிலிருந்து கிடைத்தது. அதைப் போட்டவர்களுக்குப் பெரிய விடுதலை.

அந்த ஒட்டு ஏறத்தாழ இருபது வருட உழைப்புக்குப் பிறகு 2024இல் 6.12 கெர்னலோடு மூலத்திலேயே சேர்ந்துவிட்டது. அதைவிட முக்கியம், அந்த இருபது வருடத்தில் சாதாரண கெர்னலே வெகுவாக மாறிவிட்டது. இன்றைய விநியோகங்கள் பலவற்றில் தொடக்க வரியில் 'த்ரெட்ஐஆர்க்யூஸ்', 'ப்ரீஎம்ப்ட்=ஃபுல்' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தாலே பெரும்பாலான ஒலிப்பதிவு வேலைகளுக்குப் போதும். இதைச் சோதித்துப் பார்க்காமல் தனிக் கெர்னலைத் தேடிப் போகிறவர்கள், அடுத்த புதுப்பிப்பில் கிராபிக்ஸ் இயக்கி வேலை செய்யாமல் நிற்கும்போதுதான் அதற்குக் கொடுத்த விலையை உணர்கிறார்கள்.

தாமதக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாச் சிரமமும் இதற்காகத்தான். விநாடிக்கு 48,000 சேம்பிள் வேகத்தில் 128 சேம்பிள் பஃபர் என்பது 2.67 மில்லிவிநாடி. உள்ளே வர ஒன்று, வெளியே போகக் குறைந்தது ஒன்று, யூஎஸ்பியும் மாற்றிகளும் எடுத்துக்கொள்வது தனி. எல்லாம் சேர்ந்து எட்டு, பத்து மில்லிவிநாடியைத் தொடலாம். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவிநாடி பிடிக்கிறது. கச்சேரி மேடையில் பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் நடுவே இரண்டு மீட்டர் இருந்தால் ஆறு மில்லிவிநாடித் தாமதம் அங்கேயே இருக்கிறது, தாளம் தவறுவதில்லை. இன்னொன்று, குரலையோ வீணையையோ மைக்கில் பதிபவருக்கு இந்தக் கணக்கே பெரும்பாலும் வேண்டாம். யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் பலவற்றில் மைக் ஒலியைக் கணினிக்குள் போகாமலே நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் பஃபரை 1024இல் வைத்துவிட்டு நிம்மதியாகப் பதியலாம். கீபோர்டில் மென்பொருள் வாத்தியம் வாசிப்பவருக்கும், கிட்டாரைக் கணினிக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் வழியாகக் கேட்டுக்கொண்டே வாசிப்பவருக்கும்தான் குறைந்த தாமதம் உயிர். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எல்லோரையும் 64 சேம்பிளுக்குத் துரத்துவது தேவையில்லாத துன்பம்.

குறிப்பு எங்கே கெடுதலாக மாறுகிறது என்பதற்கு முன்னுரிமை எண் நல்ல உதாரணம். சாதாரணப் பயனருக்கு ரியல்டைம் முன்னுரிமை கிடையாது. தவறாக எழுதிய ஒரு நிரல் அந்த உரிமையோடு சுழன்றால் கணினியே உறைந்துவிடும் என்பதால் இந்தத் தடை. ஆடியோ குழுவுக்கு 95 வரை அனுமதி என்று எழுதும் வரி வெறும் உச்சவரம்புதான். அதைப் பார்த்துவிட்டு ஒலி சர்வரின் முன்னுரிமையையே 95 ஆக்குகிறார்கள். வன்பொருளிலிருந்து வரும் இடைமறிப்புகள் ('த்ரெட்ஐஆர்க்யூஸ்' செய்வதுபோல்) தனி இழைகளாக ஓடும் கணினியில் ஒலி அட்டையின் இழை வழக்கமாக 50இல் இருக்கும். நெருக்கடி நேரத்தில், தரவு கொண்டுவர வேண்டியவன் வரிசையில் பின்னால் நிற்க, அதற்காகக் காத்திருப்பவன் முன்னால் நிற்கிறான். எந்தச் சொடுக்கை ஒழிக்க நினைத்தார்களோ அதைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

மேசைக் கணினிகளின் பழைய பொது ஒலி சர்வரான பல்ஸ்ஆடியோவை அகற்றும் பழக்கமும் அப்படித்தான். விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் 2021இல் அதன் இடத்தில் ஃபெடோரா 34இன் இயல்பான ஒலி சர்வரானது. உலாவியின் ஒலியையும் ஜாக்குக்காக எழுதிய நிரலின் ஒலியையும் பைப்வயர் ஒன்றே ஏற்றுக்கொள்கிறது. அதன்மேல் பழைய குறிப்புப்படி தனி ஜாக்கையும் ஓட்டினால் இரண்டு சர்வர்களும் ஒரே அட்டைக்காக மோதும். பைப்வயரோடு வரும் 'பிடபிள்யூ-டாப்' என்ற சிறு கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு வரி, கடைசிப் பக்கமாகப் பிழைகளின் எண்ணிக்கை. வைஃபையை அணைத்ததும் அந்த எண் ஏறுவது நின்றால் குற்றவாளி அதுதான். செயலியை மின்சேமிப்பிலிருந்து முழு வேகத்துக்கு மாற்றியதும் நின்றால் குற்றவாளி மின்சேமிப்பு. இன்டர்ஃபேஸை வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, அதில் தீர்கிற பிரச்சினைகள் நிறைய. வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிளைப் போட்டு ஜாக்கின் தாமதம் அளக்கும் கருவியை ஓட்டினால் உண்மையான சுற்றுத் தாமதமும் தெரிந்துவிடும். மூடிய இயங்குதளங்களில் இத்தனை அடுக்குகளைப் பயனர் இவ்வளவு எளிதாகத் தொட முடியாது.

லினக்ஸின் அடித்தளம் தொழில்முறை ஒலி வேலைக்குப் போதாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. கோர்க் நிறுவனத்தின் ஓயாசிஸ் (2005), க்ரோனோஸ் (2011) ஆகிய மேடைக் கீபோர்டுகளுக்குள் ஓடுவது லினக்ஸ்தான். அங்கே ஒரே வன்பொருளுக்கு எல்லாவற்றையும் நிறுவனம் அளந்து பொருத்திக் கொடுத்துவிடுகிறது. மேசைக் கணினியில் அந்த வேலை இசைக்கலைஞர் தலையில் விழுகிறது. உபுண்டு ஸ்டுடியோ போன்ற விநியோகங்கள் 2007 முதல் இந்தச் சுமையைக் குறைத்திருக்கின்றன. ஆனாலும் எந்த அட்டை, எந்த மதர்போர்டு என்பது அவற்றை உருவாக்குபவர்கள் கையில் இல்லை.

அளவீட்டால் தீராத குறை ஒன்று உண்டு: வணிக மென்பொருள்களும் அவற்றுக்குள் செருகும் பிளக்இன்களும். ரீப்பர், பிட்விக், மிக்ஸ்பஸ் என நேராக லினக்ஸில் ஓடும் வணிக மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் ஸ்டுடியோக்களில் புழங்கும் புரோ டூல்ஸ் இல்லை, வாத்தியப் பிளக்இனான கான்டாக்ட் இல்லை, பல பிளக்இன்கள் கேட்கும் ஐலாக் உரிமப் பூட்டு இல்லை. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன், அதன்மேல் பாலமாக நிற்கும் யாப்ரிட்ஜ் வழியாக விண்டோஸ் பிளக்இன்களை ஓட்டலாம் என்பது உண்மை. ஆனால் வைனின் ஒரு புதுப்பிப்பு அந்தப் பாலத்தை ஆட்டிவிடும். நாளைக் காலை பாடல் கொடுக்க வேண்டியவரிடம் இதைத் தீர்வு என்று சொல்வது நேர்மையாகாது. திரைப்பட இசையில், புரோ டூல்ஸ் செஷனாகவே கைமாற்ற வேண்டிய இடத்தில் வேலை செய்பவர் லினக்ஸுக்கு மாறத் தேவையில்லை என்றே சொல்வேன்.

நாட்டார் பாடல்களைக் களத்தில் பதிபவர், ஒலிநூல் வாசிப்பவர், ஒரு குருவின் பாடாந்தரத்தைச் சீடர்களுக்காகச் சேமிப்பவர் நிலை வேறு. அவர்களுக்கு வேண்டியது மூன்று நான்கு தடங்கள், நல்ல மைக், பழைய மடிக்கணினி, இன்னும் முப்பது வருடம் கழித்தும் திறக்கும் கோப்பு. ஆர்டோர் தன் செஷனை எவரும் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் உரையாகவும், ஒலியை வழக்கமாகச் சாதாரண வேவ் கோப்புகளாகவும் ஒரே கோப்புறைக்குள் வைக்கிறது. ஆர்டோரே ஒரு நாள் நின்றுபோனாலும், எந்தத் துண்டு எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதை ஒரு உரைத்திருத்தியில் திறந்து படித்து அந்தப் பாட்டை மறுபடி கோத்துவிடலாம்.