படமும் பெயரும்

புகைப்படம் முகத்தைக் காட்டும், மொழியைக் காட்டாது. இவ்வுண்மையைப் பிற ஊர்களில் மறந்தாலும் சித்தூரிலும் திருப்பதியிலும் மறத்தல் இயலாது. ஒரே தெருவில் பூ விற்கும் இருவருள் ஒருத்தி வீட்டில் தமிழ் பேசுவாள். மற்றவள் தெலுங்கு பேசுவாள். படத்தில் இருவரும் ஒன்றே.

1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960இல் திருத்தணி பிரிந்து சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் நகர்ந்தன; நகரி, புத்தூர்ப் பக்கத்து வீடுகளினின்றும் தமிழ் நகரவில்லை. இம்மண்ணின் அன்றாட வாழ்வைப் படமாக்கப் புறப்படும் மாணவரின் முயற்சியை எவ்வளவுகோலால் மதிப்பிடுவது? ஒளியின் அழகால் மட்டுமன்று; படத்திலுள்ளவர் தம் பெயரோடு நிற்கிறாரா என்பதாலும் மதிப்பிடல் வேண்டும்.

இக்கல்வி நமக்குப் புதிதன்று. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் மாணவர்க்குப் புகைப்படக் கலையும் கற்பிக்கப்பெற்றது. ஆனால் அந்நாளில் மக்களைப் படமெடுத்தோர் நோக்கம் வேறு. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘இந்திய மக்கள்’ என்னும் ஆங்கில நூலையும், ரங்காச்சாரியின் துணையோடு எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலையும் புரட்டிப் பாருங்கள். படத்தின் கீழே சாதிப் பெயர் இருக்கும்; ஆளின் பெயர் பெரும்பாலும் இராது.

அந்நிழல் இன்னும் முற்றும் நீங்கவில்லை. அலிபிரிப் படியேறும் முதியவர் படத்திற்குப் ‘பக்தி’ என்றும், மாங்கூழ் ஆலைப் பெண்ணின் படத்திற்கு ‘உழைப்பு’ என்றும் தலைப்பிட்டு அமைவோர் உளர். சாதிப் பெயர் போய்ப் பண்புப் பெயர் வந்தது. ஆளின் பெயர் இன்னும் வரவில்லை.

மாற்று வழியும் பிறந்துள்ளது. சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பாரி’ என்னும் ஊரக மக்கள் ஆவணகம், நாட்டின் முகங்களைப் பெயர், தொழில், ஊர், மாவட்டம் ஆகியவற்றோடு தொகுத்து வந்துள்ளது. மாணவர் ஆக்கங்களுக்கும் இடமளித்துள்ளது. மீன் விற்ற தாயின் மகனான பழனி குமார், உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் காமிராவைப் பழக்கினார். அவர்களுட் பலர் தம் பெற்றோரையே படமெடுத்தனர். அங்கே படமெடுப்பவர்க்குப் பெயர் தெரியாதிருக்க வழியேது?

இப்பாடம் திருப்பதிக்கு அருகிலேயே உள்ளது. திருக்காளத்திக் கலம்காரித் துணிகளில், மூங்கில் எழுதுகோலால் தீட்டிய இராமாயணக் காட்சிகளோடு தெலுங்கெழுத்து வரிகளும் ஓடும். பார்ப்பவர் உருவையும் கண்டார்; கதையையும் படித்தார். மாணவர் படத்திற்கும் அத்தகைய வரி வேண்டும்: பெயர், தொழில், ஊர், வீட்டு மொழி, அவர் சொன்ன ஒரு சொல். தமிழில் சொன்னதைத் தமிழிலும், தெலுங்கில் சொன்னதைத் தெலுங்கிலும் எழுதுக. பெயரை வெளியிட விரும்பாதாரை வற்புறுத்தல் தகாது; ஆனால் மறுத்தவர் பெயரை விடுவது வேறு, கேளாமலே விடுவது வேறு.

பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு இது வெறும் கலை விவாதமன்று. சுவரில் மாட்டிய பாட்டியின் படத்தைப் பேரன் அறிவான். அவள் பேசிய ஊர்த் தமிழை அறியான். காமிரா ஏந்தும் நம் பிள்ளைகள் முதலில் வீட்டு முதியோரைப் படமெடுக்கட்டும். எடுத்ததன் பின்புறம் அவர்கள் சொல்வதை அவ்வாறே எழுதட்டும். பிறர் வாசலுக்குச் செல்லும் தகுதி அப்பயிற்சியால் வாய்க்கும்.