இடது காதில் ஒரு பொத்தான்

தேக்கா நகைக்கடையில் வளையலைத் திருப்பி, உட்புறம் 916 முத்திரை இருக்கிறதா என்று பார்க்காமல் நம் அம்மாமார் பணத்தை எடுப்பதில்லை. பழைய கரடிப் பொம்மை சேர்ப்பவர்களும் அப்படித்தான். கையில் எடுத்ததும் இடது காதைத்தான் தடவிப் பார்ப்பார்கள்.

ஜெர்மனியின் கீங்கன் ஊரில் மார்கரெட்டே ஷ்டைஃப் தொடங்கிய பொம்மை நிறுவனம், போலிகளின் தொல்லை தாங்காமல் 1904-இல் காதில் உலோகப் பொத்தான் பதிக்கத் தொடங்கியது. முதலில் யானை உருவம், பிறகு நிறுவனத்தின் பெயர். பழைய பொத்தான்களில் கடைசி எழுத்தின் வால் நீண்டு பெயருக்கு அடியில் ஓடும். அந்த வளைவு அத்தனை அழகு! பொத்தானோடு வரும் துணிப்பட்டையும் காலம் சொல்லும்: 1920-களின் நடுப்பகுதி வரை வெள்ளை, அடுத்து சிவப்பு, 1934 முதல் மஞ்சள். இன்றைய சிறப்புப் பதிப்புகளுக்கும் வெள்ளைப் பட்டை உண்டு என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது.

எனக்கு நெருக்கமானவை பொத்தானை இழந்த கரடிகள். குழந்தை விழுங்கிவிடுமோ என்ற பயத்தில் பெற்றோர் பிடுங்கியிருப்பார்கள். அங்கோரா ஆட்டு ரோமத்தை விலக்கினால் காதில் சிறு துளை தெரியும். வயிற்றை அழுத்தினால் உள்ளிருக்கும் மரச்சீவல் மொறுமொறுக்கும். அந்தக் கரடியைப் போலி என்று ஒதுக்கிவிட முடியாது.

இங்கே பழைய பொம்மை தேடலாம் என்றால், சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. பழைய பொம்மைகளைப் பார்த்துக் கண் பழக, சியா ஸ்திரீட்டில் மின்ட் பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது. வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: பொத்தானை வேறு பொம்மைக்கு மாற்றிவிடலாம். அதைச் சுற்றிப் புதுக் கிழிசல் தெரிந்தால் வாங்காதீர்கள்.