பாலர் சபைகளும் மகரக்கட்டும்

பங்குனி மாதத்தில் விருதுநகர் மாரியம்மன் கோவிலில் பொங்கல் சாட்டிய கையோடு சுற்றுவட்டாரக் கிராமங்களின் டீக்கடைத் தட்டிகளிலும் மதில்களிலும் ஒட்டப்படும் நாடக நோட்டீஸ்களில், ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் எதிரெதிரே பெரிய படமாகவும், பபூனும் டான்ஸும் அவர்களுக்குக் கீழே சற்றுச் சிறிய வட்டங்களிலும், ஹார்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் அடிவரிசையிலும் அமைந்திருக்கும் ஒழுங்கு எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மாறியதாகத் தெரியவில்லை. படத்திலுள்ள முகங்கள்தாம் மாறுகின்றன. மீசை இன்னும் முழுமையாக அரும்பாத வாலிபன் ஒருவன் கிரீடமும் ஜிகினா ஜிப்பாவும் தரித்துக்கொண்டு, பெயருக்கு முன்னால் இரண்டு வரிப் பட்டங்களைச் சுமந்துகொண்டு நிற்பதைக் காணும்போதெல்லாம், இந்தப் பிள்ளையின் சாரீரம் எத்தனை கட்டையில் நிற்கும், அதை யார் பழக்கினார்கள் என்ற கேள்விகள் என் மனத்தில் எழுவது வழக்கம். இசை நாடக மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அன்பர்கள் பணித்தபோது, அந்தக் கேள்விகளையே சற்று விரித்து எழுதலாமென்று துணிந்தேன்.

மேனாட்டார் ஆபரா என்று போற்றுகின்ற, பாட்டாலேயே கதையை நடத்திச் செல்லும் நாடகத்துக்கு நம்மிடையே நேர் நிற்பது சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த இசை நாடகமே என்பதில் அபிப்பிராய பேதம் இருக்க நியாயமில்லை. ஆயினும் பயிற்சியில் பெரியதொரு வேற்றுமை உண்டு. அங்கே ஆபரா பயிலப் புகுகிறவர்கள் பெரும்பாலும் குரல் முதிர்ந்து நிலைபெற்ற பிறகே குருவினிடம் போய்ச் சேருகிறார்கள். இங்கேயோ ஆறு வயதிலும் எட்டு வயதிலும் பிள்ளைகள் கம்பெனி வீட்டுக்குள் காலெடுத்து வைத்தார்கள். கொட்டகை முழுவதையும் உருக்கிய பாலசாரீரம் பதினான்கு, பதினைந்து வயதில் திடுமென ஒருநாள் கரகரத்து உடைந்துபோவதை நாடகக்காரர்கள் ‘மகரக்கட்டு’ என்பார்கள். ஒரு சபையின் தராதரத்தை அதன் சீன்களைக் கொண்டும் வசூலைக் கொண்டும் அளப்பவர்கள் அளந்துகொள்ளட்டும்; மகரக்கட்டு வந்த பையனின் கையில் அந்தச் சபை என்ன மிச்சம் வைத்தது என்பதைக் கொண்டு அளப்பதே என் வழக்கம்.

1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்று, உப்பளத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்து, இருபத்து நான்காம் பிராயத்தில் அந்தக் கணக்கை விட்டு நாடக மேடை ஏறியவர் சங்கரதாஸ் சுவாமிகள். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் என்று கண்டவர் நடுங்கும் வேஷங்களைக் கட்டியவர், பிறகு வேஷத்தைக் களைந்து ஆசிரியராகவே அமர்ந்துவிட்டார். வளர்ந்த நடிகர்களோ குடிக்கும் தான்தோன்றித்தனத்துக்கும் அடிமைப்பட்டு, எழுதிய வசனத்தை விட்டு வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்களாக இருந்தார்கள். அவர்களைத் திருத்த முயன்று அலுத்த பிறகே, பிள்ளைகளை முதலிலிருந்து வளர்ப்பதே வழி என்று அவர் தெளிந்திருக்க வேண்டும். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் அந்தத் தெளிவின் பயன்களே. அவர் இயற்றிய நாடகங்கள் 68 என்று ஒரு கணக்குண்டு. அவற்றுள் ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’ போன்றவை இன்றும் நமது கோவில் திடல்களில் விடிய விடிய நடந்துகொண்டிருக்கின்றன.

அவருடைய சிக்ஷை முறையில் பாட்டுக்கு எத்துணை இடமோ அத்துணை இடம் பாடத்துக்கும் இருந்தது. விடியற்காலையில் எழுந்து குரல் அப்பியாசம். பிறகு வசனமும் விருத்தமும் மனனம். லகர ளகர ழகரங்கள் நாவில் பிரிந்து ஒலிக்கும்வரை விடாத உச்சரிப்புப் பயிற்சி. தாளம் கையை விட்டு மனத்துக்குள் போய்விட வேண்டுமென்ற பிடிவாதம். ராகத்தின் பேரால் சாகித்தியத்தைக் கடித்து விழுங்குவதை அவர் பொறுத்ததில்லை. ‘அபிமன்யு சுந்தரி’ முழுவதையும் ஒரே இரவில் அவர் எழுதி முடித்த செய்தியும், அதில் அபிமன்யுவாக நின்ற சிறுவன் டி. கே. சண்முகம் என்ற செய்தியும் நாடக உலகத்தார் யாவரும் அறிந்தவையே. 1918இல் சபையில் சேர்ந்தபோது சண்முகத்துக்கு வயது ஆறு. அச்சிறுவன் பின்னாளில் சகோதரர்களோடு சொந்த சபை கண்டு, அவ்வைக் கிழவியாக வேஷமேற்று, வேஷத்தின் பெயரே தன் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும்படி புகழ் பெற்றதற்குக் காரணம் பாலசாரீரமா? கம்பு ஊன்றிக் கூனி நடக்கும் மூதாட்டியின் வாயிலிருந்து தமிழ் ஸ்பஷ்டமாகப் புறப்பட்டு வந்ததே காரணம். அந்த ஸ்பஷ்டம் ஆறு வயதில் நாவில் ஏறியது. மகரக்கட்டினால் அதை அசைக்க முடியவில்லை.

எல்லாச் சபைகளிலும் இவ்வாறு நடந்ததென்று சொல்வதற்கில்லை. புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா சுவாமிகளின் சபையில் சில்லறை வேஷங்களில் தொடங்கி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் பதினைந்து ரூபாய்ச் சம்பளத்தில் போனார். அவர் பாடிக்கொண்டிருந்ததைக் கம்பெனி முதலாளி சச்சிதானந்தம் பிள்ளை ஒருநாள் தற்செயலாகக் கேட்டுவிட்டு, சம்பளத்தை எழுபத்தைந்தாக உயர்த்திக் கதாநாயக வேஷமும் கொடுத்தாரென்று சொல்வார்கள். ஒரு பாட்டுக்கு அறுபது ரூபாய் ஏற்றம்! அதே சின்னப்பாவின் தொண்டை உடைந்தபோது கம்பெனியில் அவருக்கு இடமில்லாது போயிற்று. ஊருக்குத் திரும்பியவர் மூலையில் முடங்காமல் சங்கீதத்தை மறுபடி அடியிலிருந்து பயின்றார். கூடவே குஸ்தியும் சிலம்பமும் பழகினார். ‘உத்தமபுத்திர’னிலும் ‘ஜகதலப்பிரதாப’னிலும் நாம் கண்ட கட்டுடலும் கம்பீர நாதமும் அந்த வனவாசத்தில் தேடிக்கொண்டவை. சின்னப்பாவின் மனவுறுதி வாய்க்காத எத்தனையோ பிள்ளைகள் திரைக்கயிறு இழுக்கவும் பெட்டி சுமக்கவும் போய், பெயரின்றி மறைந்திருப்பார்கள். எம். ஜி. ராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் அதே பாய்ஸ் கம்பெனி உலகத்தின் பிள்ளைகள்தாம். அவர்கள் நடிப்பால் பிழைத்தார்கள், அவர்களுக்குப் பாட வேறு குரல்கள் வந்து சேர்ந்தன.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலியில், பாடும் சிறுவர்களின் பாலசாரீரம் உடையாதிருக்க ரணசிகிச்சை செய்து, ஆண்மையை அழித்து, குரலை மட்டும் காப்பாற்றிக்கொண்ட வழக்கம் இருந்தது. அவ்வகைப் பாடகர்களின் கடைசித் தலைமுறையில் கிராமபோன் தட்டில் தம் குரலைப் பதித்துவிட்டுப் போன அலெஸ்ஸாண்ட்ரோ மொரெஸ்கி காலமானது 1922இல். வாதத்தால் முடங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் புதுச்சேரியில் காலமானதும் அதே ஆண்டு நவம்பரில். நம் கம்பெனிக்காரர்கள் கத்தி எடுக்கவில்லை என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் பள்ளிக்கூடம் இல்லாமல், தாய் தகப்பன் இல்லாமல், பிரம்படியின் கீழ் இரவெல்லாம் விழித்திருந்த பிள்ளைகளை எண்ணும்போது அந்தப் பெருமை கொஞ்சம் கூசுகிறது. தீப்பெட்டிக்கு அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டிய சின்ன விரல்களைப் பார்த்து வளர்ந்த இந்த வட்டாரத்துக்காரனுக்கு அதைக் கலைச்சேவை என்ற ஒரே சொல்லில் மூடிவிட மனம் வராது. 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் அன்றைக்கே இருந்திருந்தால் பாலர் சபைகள் நடந்திருக்குமா? நடந்திருக்காது. அவ்வாறு நடவாமற் போயிருந்தால் கிட்டப்பாவும் கிடைத்திருக்கமாட்டார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கிட்டப்பாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். செங்கோட்டையில் 1906இல் பிறந்து, சுவாமிகளின் சபையில் பயின்று, பின் கன்னையா கம்பெனியில் சேர்ந்தவர் அவர். கன்னையா கம்பெனி வேறொரு சம்பிரதாயம்: திரை விலகினால் சபையோர் மூச்சடங்க வேண்டும், தசாவதாரத்தில் ஒவ்வோர் அவதாரத்துக்கும் ஒரு கண்கட்டு வித்தை வேண்டும் என்பது அங்கே சட்டம். அத்தனை ஜோடனைக்கு நடுவிலும் ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது கிட்டப்பாவின் சாரீரத்தை. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், தமையனார் காசி ஐயர் ஹார்மோனியத்தில் உடன் ஏற, கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனின் காதிலும் ஒவ்வோர் அக்ஷரமும் போய் விழும். மகரக்கட்டு என்ற விதி அவருக்கு மட்டும் விலக்களித்துவிட்டதோ என்று கிழவர்கள் வியப்பார்கள். ஆனால் வேறொரு விதி விலக்களிக்கவில்லை. 1933 டிசம்பரில் அவர் மறைந்தபோது வயது இருபத்தேழு. நல்லதங்காளின் பிள்ளையாகச் சிறுவயதில் மேடையேறி, பின்னர் அவருக்கு வாழ்க்கைத் துணையுமான கே. பி. சுந்தராம்பாள், வெள்ளைச் சேலைக்கு மாறி, ‘நந்தனார்’ படத்துக்கு லட்ச ரூபாய் வாங்கியவர். பெண்களுக்கு மகரக்கட்டு இல்லை; அவர்களைத் தடுத்த கட்டுகள் வேறு, அவற்றை எழுத இம்மலர் முழுவதும் போதாது.

கம்பெனிகள் கலைந்தன, சினிமா வந்து ஆட்களையும் கொட்டகைகளையும் ஒருங்கே எடுத்துக்கொண்டது. எஞ்சி நின்று இன்றளவும் ஜீவித்திருப்பது ஸ்பெஷல் நாடகம். கம்பெனி இல்லை, முதலாளி இல்லை, ஒத்திகை இல்லை. மதுரையிலிருந்து ராஜபார்ட்டும் புதுக்கோட்டையிலிருந்து ஸ்திரீபார்ட்டும் தனித்தனியே பஸ் ஏறி வந்து, இரவு பத்து மணிக்கு மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள். விடியும்வரை வேலனும் வள்ளியும் தர்க்கம் செய்கிறார்கள். தர்க்கத்தில் தோற்றவரை ஜனங்கள் அடுத்த வருஷம் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் சுவாமிகளின் பாடம் நெஞ்சில் இருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில் இத்தனையும் நிற்கிறது. பள்ளிக்கூடம் மூடிய பின்னும் பாடத்திட்டம் உயிரோடிருப்பதை வேறெங்கே காண முடியும்?

இந்தச் சம்பிரதாயத்துக்கு எங்கள் சிவகாசி கொடுத்த பிள்ளை விசுவநாத தாஸ். 1886இல் இங்கே பிறந்து, திருமங்கலத்தில் வாழ்ந்த அவர், வேலன் வேடத்தில் தினைப்புனத்துக் கொக்கை விரட்டும் பாவனையில் வெள்ளைக்காரனை விரட்டப் பாடினார். மதுரகவி பாஸ்கரதாஸின் அந்தப் பாட்டைக் கேட்கப் போலீஸ்காரர்களும் நோட்டுப் புத்தகத்தோடு முன்வரிசையில் வந்து அமர்ந்தார்களாம். சிறைக்குப் போவதும் மேடைக்கு வருவதுமாக அவர் காலம் கழிந்தது. நாவிதர் குலத்திற் பிறந்தவர் என்று சொல்லி அவருடன் ஜோடி சேர மறுத்தவர்களும் இருந்தார்கள். அந்த அபஸ்வரத்துக்கு எந்த ஹார்மோனியமும் பொறுப்பல்ல. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில், முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அவரிடம் மகரக்கட்டைப் பற்றி யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார். சாரீரத்தைக் காட்டிலும் பாட்டின் பொருளுக்காகவே அவரை ஜனங்கள் தேடி வந்தார்கள்.

நாடகக் கம்பெனிகளின் சொத்தில் ஒரு பங்கு, பாட்டாக அல்லாமல் வர்ணமாக, சிவகாசிக்கு வந்து சேர்ந்ததையும் இங்கே குறிக்கலாம். கம்பெனிக்குத் திரைச்சீலை எழுத வந்து, அது கலைந்தபின் கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டையராஜுவின் தூரிகையிலிருந்துதான் நமது வீட்டுச் சுவர்களில் தொங்கும் காலண்டர் தெய்வங்கள் பிறந்தார்கள். அந்த முருகனின் கிரீடத்தையும், பக்கவாட்டில் ஒருக்களித்த நிலையையும், பின்னாலுள்ள மாளிகைத் தூண்களையும் உற்றுப் பார்த்தவர்களுக்கு அது எந்த மேடை என்று விளங்கும்.

சென்ற ஆண்டு சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையே ஒரு கிராமத்தில், பொங்கல் நாடகம் பார்க்க நானும் ஒரு கயிற்றுக் கட்டிலில் இடம் பிடித்திருந்தேன். ராஜபார்ட்டாக வந்த பையனுக்கு இருபது வயதிருக்கலாம். ஐந்து கட்டையில் பிடித்தான். முதல் இரண்டு மணி நேரம் பழுதில்லை. பட்டாசுப் புகையும் கரிசல் புழுதியும் பனியும் சேர்ந்து நள்ளிரவுக்குமேல் தொண்டை தடுமாறத் தொடங்கியது. ஒரு விருத்தத்தின் உச்சியில் குரல் பிசிறியபோது எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கிழவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தார். அடுத்து பபூன் வந்து சிரிப்புக் காட்டிப் போன இடைவெளியில், ஹார்மோனியக்காரர் ஒன்றும் பேசாமல் மிருதங்கக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் மடியிலிருந்ததை இறக்கிவைத்துவிட்டு, பக்கத்தில் உறையோடு கிடந்த வேறொரு மிருதங்கத்தை எடுத்து, கல்லால் இரண்டு தட்டுத் தட்டிச் சேர்த்துக்கொண்டார். நாலரையில் தொடங்கிய சுருதியைக் காதில் வாங்கியதும் பையன் ஒரு விநாடி தயங்கினான். பிறகு, பாட்டை அவசரப்படுத்தாமல், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, பொருள் தெரிய, வசனம் போலவே விருத்தத்தைச் சொல்லிக்கொண்டு போனான். கிழவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

விடிந்தபின் பஸ் நிறுத்தத்துக் கடையில், அரிதாரம் காதோரத்தில் ஒட்டியிருக்க அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஹார்மோனியக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டே, “தம்பி, ராத்திரி அரைக்கட்டை இறக்குனேனே, கோவமா?” என்றார்.

“இல்லண்ணே. இறக்கவும்தான் பாட்டுல என்ன எழுதியிருக்குன்னே எனக்குக் கேட்டுச்சு.”

அவர் பதில் சொல்லவில்லை. இன்னொரு டீ சொல்லி அவன் பக்கம் நகர்த்தினார்.