முதலாளி மாதிரிப் பேசுகிறவர்

கடையில் ஒருவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வேலையாட்களை அதட்டுகிறார். வீட்டுக்கு வந்து, 'முதலாளி மாதிரிப் பேசினார்' என்கிறோம். அவர் முதலாளியா, இல்லையா? வாக்கியத்தில் அதற்கு விடை கிடையாது. இதையே 'என்னவோ இவர்தான் முதலாளி மாதிரிப் பேசினார்' என்று சொல்லிப் பாருங்கள். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அந்த 'என்னவோ'வும் 'தான்'னும் சேர்ந்து, ஒப்பிடும்போதே ஒப்புமையை மறுத்துவிடுகின்றன.

இந்த மறுப்பை ஆங்கிலம் வினைச்சொல்லுக்குள் வைத்திருக்கிறது. 'ஹி ஸ்பீக்ஸ் ஆஸ் இஃப் ஹி வேர் தி ஓனர்.' ஒருமையான 'ஹி'க்குப் பக்கத்தில் பன்மைக்குரிய 'வேர்' வந்து உட்காருகிறது. காதுக்கு இடறும் அந்தப் பொருத்தமின்மைதான் அடையாளம்: சொல்லப்படுவது நடப்பு இல்லை, நினைப்பு மட்டும். இலக்கண நூல்கள் இதை சப்ஜங்டிவ் என்கின்றன. 2002இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் பேரிலக்கணம் அந்தப் பெயரை வேறொரு வடிவத்துக்கு ஒதுக்கிவிட்டு, இந்த 'வேர்'ருக்கு இர்ரியாலிஸ் என்று, அதாவது உண்மையல்லாதது என்று, பெயர் வைத்தது. பொருளுக்கு நெருக்கமான பெயர் அதுதான்.

பழைய ஆங்கிலத்தில் எல்லா வினைகளுக்கும் இப்படித் தனி விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்து உதிர, தேய முடியாத அளவுக்கு மாறுபட்டிருந்த 'பி' என்ற ஒரே வினையில் மட்டும் இந்த வேறுபாடு தங்கிவிட்டது. அதிலும் 'ஐ', 'ஹி', 'ஷி', 'இட்' ஆகியவற்றோடு மட்டும். 'யூ', 'வி', 'தே' மூன்றுக்கும் எப்போதும் 'வேர்'தான் என்பதால் அங்கே வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. 1926இல் ஃபௌலர் தம் பயன்பாட்டு அகராதியில் சப்ஜங்டிவ் அந்திமக் கட்டத்தில் இருப்பதாகவே எழுதினார். இன்னும் உயிரோடிருக்கும் சிலவற்றில் இந்த 'வேர்'ரையும் சேர்த்தார்.

இதைக் காக்க வேண்டும் என்பவர்கள் வழக்கமாகக் கொண்டுவரும் சாட்சி நிபந்தனை வாக்கியம். 'இஃப் ஐ வேர் யூ' என்பதுதான் பாடப்புத்தகங்களின் நிரந்தர உதாரணம். என் கணக்கில் இது அவர்களுடைய மிக பலவீனமான சாட்சி. 'இஃப் ஹி வாஸ் ரிச், ஹி உட் ஹெல்ப் அஸ்' என்று ஒருவர் எழுதினால் எந்தப் பொருள் கெடுகிறது? பின்னால் வரும் 'உட்' என்ற சொல்லே, அவன் பணக்காரன் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறது. 'இஃப் தே வேர் ரிச்' என்று பன்மையில் சொல்லும்போதும், 'இஃப் ஹி ஹேட் மணி' என்று வேறு வினையில் சொல்லும்போதும் ஆங்கிலேயர் யாரும் குழம்புவதில்லை. அங்கெல்லாம் தனி வடிவம் கிடையாது, 'உட்' மட்டுமே துணை. இந்த இடத்தில் 'வாஸ்' என்பது நேற்று முளைத்த சோம்பேறித்தனமும் இல்லை. 17ஆம் நூற்றாண்டிலிருந்தே அச்சேறிய எழுத்தில் பரவலாக வந்துகொண்டிருக்கிறது. 1964இல் மேடையேறிய 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' இசை நாடகத்தின் பணக்காரக் கனவுப் பாட்டில் 'வேர்' இருந்தது. அதைத் தழுவி 2004இல் க்வென் ஸ்டெஃபனி பாடியபோது அது 'வாஸ்' ஆகியிருந்தது. கனவு கனவாகத்தான் கேட்டது.

ஒப்புமைக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. 'ஆஸ் இஃப்', 'ஆஸ் தோ' தொடங்கும் பகுதிக்குத் துணையாக 'உட்' எதுவும் வராது. உண்மையா, பாவனையா என்பதை அந்த ஒற்றை வினையே சுமந்தாக வேண்டும். நிகழ்காலத்தில் சொல்லும்போது இன்னும் சமாளிக்கலாம். 'ஷி லுக்ஸ் ஆஸ் இஃப் ஷி இஸ் இல்' என்றால் அவளுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது, மருத்துவரிடம் போகலாம். 'இஸ்' என்பது நடக்கக்கூடியதற்கு, 'வாஸ்' அல்லது 'வேர்' என்பது பாவனைக்கு. இரண்டும் தனித்தனியாகவே நிற்கின்றன.

இதையே கடந்தகாலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் சிக்கல். கதை சொல்லும் ஆங்கிலம் பெரும்பாலும் கடந்தகாலத்தில்தான் நடக்கிறது. அங்கே அந்த 'இஸ்' தானாகவே 'வாஸ்' ஆகிவிடும்: 'ஷி லுக்ட் ஆஸ் இஃப் ஷி வாஸ் இல்.' உண்மையாக இருக்கக்கூடியதற்கு 'வாஸ்' போய்விட்ட பிறகு, பாவனைக்கும் 'வாஸ்'ஸே எழுதினால் நோயாளியும் நோயாளியாக நடித்தவளும் ஒரே வாக்கியத்துக்குள் அடைபட்டுவிடுகிறார்கள். இருவரையும் பிரித்துக்காட்ட மிஞ்சியிருப்பது 'வேர்' ஒன்றே. ஒரு நாவலாசிரியருக்கு இது சின்ன விஷயமில்லை. பாத்திரம் பொய் சொல்கிறது என்பதைத் தனியாக ஒரு வரி எழுதாமல், ஒரே எழுத்துச்சேர்க்கையில் வாசகரின் காதில் போட்டுவிட முடிகிறது. 'ஆஸ் இட் வேர்' என்ற பழந்தொடரைப் பாருங்கள். 'சொல்லப்போனால் இப்படி' என்று தயங்கிச் சொல்ல இன்றும் பயன்படும் அந்தத் தொடர், 'அப்படி இருந்தாற்போல' என்ற பழைய ஒப்புமையின் மிச்சம். 'வேர்' அழியாமல் உறைந்து நிற்பது ஓர் ஒப்புமைக்குள்தான் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்த வலிமையைக் கெடுத்தது யார்? 'வாஸ்' எழுதியவர்களைவிட, 'வேர்'ரை மரியாதையின் சின்னமாக்கியவர்களையே நான் குற்றம் சொல்வேன். 'ஆஸ் இஃப்' வந்தால் 'வேர்' போடு, அதுதான் படித்தவன் ஆங்கிலம் என்று சொல்லிச் சொல்லி, உண்மையிலேயே களைத்துப்போனவரைப் பற்றியும் 'ஆஸ் இஃப் ஹி வேர் டயர்ட்' என்று எழுத வைத்துவிட்டார்கள். எங்கும் ஒலிக்கும் மணி எதற்கும் அறிவிப்பாகாது. பதிப்பித்த நல்ல நூல்களிலேயே இந்த இயந்திர 'வேர்' நிறைய உண்டு. ஆகவே இன்று ஒரு வாசகர் 'வேர்' என்பதைப் பார்த்த உடனே 'இது பாவனை' என்று உறுதியாக முடிவுகட்ட முடியாது.

இன்னொரு கேடு இதைவிடப் பெரியது. 'இஃப்' என்றாலே 'வேர்' என்று மனப்பாடம் செய்தவர்கள், 'இஃப் ஹி வேர் இன் தி ஹால் யெஸ்டர்டே, ஐ டிட் நாட் சீ ஹிம்' என்று எழுதுகிறார்கள். நேற்று அவர் மண்டபத்தில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். திறந்த கேள்வி அது. அங்கே 'வாஸ்' மட்டுமே சரி. தமிழ் பேசிக்கொண்டு ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளிடம் இந்தப் பிழையை அடிக்கடி பார்க்கிறேன், அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 'வந்தால் பார்ப்பேன்' என்று நாம் சொல்லும்போது, வருவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்பதை 'ஆல்' விகுதி சொல்வதில்லை. அப்படியொரு மொழியிலிருந்து வருகிறவருக்குக் காரணம் சொல்லாமல் வாய்பாட்டை மட்டும் கொடுத்தால், வாய்பாட்டைத்தான் திருப்பிக் கொடுப்பார்.

வகுப்பில் நேரம் குறைவு என்றால், 'இஃப் ஐ வேர் யூ'வைப் பழகிய தொடராகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம் என்பது என் கருத்து. நிபந்தனை வாக்கியத்தில் 'வாஸ்' எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டியதில்லை. மிச்ச நேரத்தை 'ஆஸ் இஃப்'புக்குக் கொடுக்க வேண்டும். இப்போதைய பாடங்களில் பெரும்பாலும் கடைசி வரியாக ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். அதைக் கற்பிக்க ஆங்கிலத்திலிருந்து தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை. 'முதலாளி மாதிரிப் பேசினார்', 'என்னவோ இவர்தான் முதலாளி மாதிரிப் பேசினார்' என்ற இரண்டையும் கரும்பலகையில் எழுதி, இந்த இரண்டு பேரில் யாரிடம் போய்ச் சம்பளம் கேட்பாய் என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சரியாகச் சொல்லும். அதன் பிறகு 'வாஸ்', 'வேர்' இரண்டையும் எழுதி, 'என்னவோ' இருப்பது எந்த வாக்கியத்தில் என்று கேட்கலாம்.