பெண் எழுதிய பெண்: ஓவியத் தலைப்புகளும் தமிழாக்கமும்

தமிழில் எழுதப்படும் கலைத் திறனாய்வு பெண் ஓவியர்களைப் பாராட்டத் தயங்குவதில்லை. ஆயினும் அப்பாராட்டின் சொற்களைத் தனியே எடுத்து நோக்கினால் ஒன்று புலப்படும். நளினம், மென்மை, எழில், தாய்மை என வரும் சொற்களுள் பெரும்பாலானவை படத்தினுள் இருக்கும் பெண்ணைச் சார்ந்தவை. தூரிகை பிடித்த பெண்ணைச் சார்ந்தவை மிகச் சில. கேசாதிபாத வருணனையில் நெடுங்காலம் பயின்ற மொழிக்கு இது வியப்பன்று. அம்மரபில் காண்பவன் எழுவாய், பெண் செயப்படுபொருள். பெண்ணே பெண்ணை வரையும்போது இத்தொடரமைப்புக் குலைகிறது. அக்குலைவைத் தமிழ் ஏற்றுக்கொண்டதா என்பதை அறிய நெடுங்கட்டுரைகளைத் தேட வேண்டியதில்லை. ஓவியங்களின் தலைப்புகள் தமிழாகும் முறையே அதனைக் காட்டிவிடும்.

தலைப்புகள் யாருக்காகத் தமிழாக வேண்டும் என்னும் வினாவுக்குக் கோலார் தங்கவயல் ஒரு விடை. 1880ஐ ஒட்டி ஜான் டெய்லர் நிறுவனம் அங்குச் சுரங்கத் தொழிலை மேற்கொண்டபின் தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் குடியேறின. 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோருள் பெண்களும் பலர். அப்பெங்களூரில்தான், மாணிக்கவேலு மாளிகையில், 2009இல் தேசிய நவீனக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. தங்கவயலிலிருந்து வரும் ஒருத்தி ஒரு படத்தின் முன் நின்று, அதன் ஆங்கிலப் பெயரைத் தன் மொழியில் சொல்லிப்பார்க்க முயல்வதாகக் கொள்வோம். மொழிபெயர்ப்பாளர் எண்ண வேண்டிய வாசகி இவளே.

அமிர்தா ஷெர்கில் 1935இல் தீட்டிய படமொன்றின் பெயர் ‘மதர் இந்தியா’. ஏழைத் தாய் ஒருத்தி தன் மகனோடும் மகளோடும் அமர்ந்திருக்கிறாள், படம் அவ்வளவே. தமிழில் இதனைப் ‘பாரத மாதா’ எனப் பெயர்க்கக் கை தானாகவே முந்தும். அவ்வாறு பெயர்த்த மாத்திரத்தில், 1905இல் அபனீந்திரநாத் தாகூர் தீட்டிய நான்கு கைத் தெய்வ வடிவம் ஷெர்கிலின் ஏழைப் பெண்ணை மறைத்து நின்றுவிடும். ‘இந்தியத் தாய்’ என்பது இருபொருள் தருவது: இந்தியாவாகிய தாய், இந்தியாவைச் சேர்ந்த ஒரு தாய். பொதுவாக இத்தகைய மயக்கம் மொழிபெயர்ப்பில் குறையாகக் கருதப்படும். இங்கு அதுவே வேண்டப்படுவது. ஓவியரும் அம்மயக்கத்தின் மேல்தான் நின்று தீட்டியிருக்கிறார்.

1937இல் பிறந்த அர்ப்பிதா சிங் 1993இல் தீட்டிய ‘மை மதர்’ இதற்கு மறுதலை. பின்னணியில் வன்முறையும் பிணங்களும் சிதறிக் கிடக்க, ஒரு மூதாட்டி அசையாமல் நிற்கிறார். இதனை ‘என் தாய்’ என்போர் உளர். தாய்நாடு, தாய்மொழி எனத் தொகையில் பயின்று பயின்று ‘தாய்’ என்னும் சொல் ஒரு கருத்தாகிவிட்டது. படத்தில் நிற்பவரோ ஒருவர்க்கு மட்டும் உரியவர். விளியாகவும் முறைப்பெயராகவும் வீட்டில் வழங்கும் ‘அம்மா’ என்பதே இங்குப் பொருந்தும். ஷெர்கிலுக்குத் ‘தாய்’, அர்ப்பிதாவுக்கு ‘அம்மா’ என வேறுபடுத்தத் தெரிந்த மொழிபெயர்ப்பாளரே இவ்விருவரையும் உண்மையில் பாராட்டியவர் ஆவார்.

அர்ப்பிதாவின் பெண்கள் பலர் நடுவயதைக் கடந்தவர்கள், தசை தளர்ந்தவர்கள், ஆடையின்றி அமர்ந்திருந்தும் எவர்க்கும் காட்சி தராதவர்கள். இந்நிலையைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. ‘அம்மணம்’ இழிவு கலந்தது. ‘நிர்வாணம்’ துறவின் வாடை உடையது. ‘பிறந்தமேனி’ குழந்தைக்குப் பொருந்தும். ‘ஆடையற்ற பெண்’ என்பதில் இல்லாத ஆடையே முதன்மை பெறுகிறது. ‘உடல்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவது சில இடங்களில் போதும்.

இவருடைய திரைகளில் எழுத்துகளும் எண்களும் சொற்களும் உருவங்களோடு கலந்து கிடப்பதும் மொழியியலார் நோக்கத்தக்கது. அவற்றை மொழிபெயர்க்க வேண்டுவதில்லை. அவை அங்குக் கோடுகள். இதனைச் சொல்லத் தமிழிடம் அரிய வினை ஒன்று உண்டு. ‘எழுது’ என்பது எழுத்துக்கும் ஓவியத்துக்கும் பொது. கண்ணுக்கு மையும் எழுதப்படுகிறது. இக்காலத் திறனாய்வில் பெருவழக்காகிய ‘தீட்டு’ என்னும் வினையோ, பெயராகும்போது பெண்ணுடலை விலக்கி வைக்கும் சொல்லோடு வடிவொத்து நிற்கிறது. இக்கட்டுரையும் மேலே அவ்வினையைப் பலமுறை ஆண்டிருக்கிறது. வழக்கின் வலிமை அத்தகையது.

2024இல் மறைந்த கோகி சரோஜ் பாலின் தலைப்புகள் வேறுவகைத் தொல்லை தருவன. கின்னரி, காமதேனு, ஹடயோகினி என அவை வடசொற்களாகவே உள்ளமையால் மொழிபெயர்ப்பே வேண்டாம் எனத் தோன்றும். அவருடைய காமதேனு பசுவின் உடலும் பெண்ணின் முகமும் கொண்டது. கேட்டதெல்லாம் கொடுக்கும்படி வீட்டிலே கட்டப்பட்டவள் என்னும் குறிப்பு அதில் உண்டு. தமிழ்ப் பேச்சு வழக்கில் எதிர்த்துப் பேசாதவளைப் ‘பசு’ என்பர். ஆகவே இப்படம் தமிழருக்கு விளக்கமின்றியே எட்டும். ‘கின்னரி’ அவ்வாறன்று. வடமொழியில் ‘இது மனிதப் பிறவியா?’ என்னும் வினாவே அச்சொல்லின் தோற்றம் எனச் சொல்லப்படுகிறது. பாதி பறவையாகிய அப்பெண்ணை நோக்கி எழும் வினாவும் அதுவே. தமிழில் கின்னரம் என்றால் நரம்பிசைக் கருவி நினைவுக்கு வரும்; வினா அவிந்துவிடும். இங்கு ஓர் அடிக்குறிப்பு இழுக்காகாது.

அர்ப்பிதா சிங், நளினி மாலனி, மாதவி பரேக், நீலிமா ஷேக் ஆகிய நால்வரும் 1987 முதல் 1989 வரை இந்தியாவில் ஐந்து இடங்களில் கூட்டாக நடத்திய காட்சியின் பெயர் ‘த்ரூ தி லுக்கிங் கிளாஸ்’. லூயி கரோலின் 1871ஆம் ஆண்டு நூலை அது நினைவூட்டுவது. அந்நூலில் சிறுமி கண்ணாடியைப் பார்த்து நிற்பதில்லை. அதனைக் கடந்து மறுபுறம் போகிறாள். தமிழில் கண்ணாடி என்பது முகம் பார்ப்பது, சாளரத்தில் பதிப்பது, மூக்கில் அணிவது ஆகிய மூன்றுக்கும் ஒரே சொல். தங்கவயல் வாசகிக்கு இச்சிக்கல் குறைவு. அவளுக்குக் கன்னடமும் தெரியும். கன்னடத்தில் முகம் பார்ப்பது கன்னடி, அணிவது கன்னடக, பொருளாகிய கண்ணாடி காஜு. தமிழ்ப் பாடநூல்கள் குழியாடி, குவியாடி எனப் பழைய ‘ஆடி’யை மீட்டன, ஆயினும் ‘ஆடியினூடே’ என்றால் படிப்பவர் மாதத்தை எண்ணக்கூடும். ‘கண்ணாடி வழியே’ என்பது மூக்குக் கண்ணாடியைக் காட்டும். ‘கண்ணாடியில்’ என்றாலோ பேலூர்க் கோயிலின் தர்ப்பண சுந்தரி வந்து நிற்பாள். தன் முகத்தைத் தானே பார்த்தபடி, பிறர் பார்க்கச் செதுக்கப்பட்ட பெண் அவள். நால்வரும் விட்டு வெளியேறிய இடம் அதுவே. ‘கண்ணாடிக்கு அப்பால்’ எனப் பெயர்த்தால் முதற்சொல்லின் மயக்கம் நீங்காவிடினும், பெண் நடந்து செல்லும் திசை பிழைபடுவதில்லை.