நெய் டின்னும் எதிரி டாங்க்கும்

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். விஜயந்தா டாங்க்கின் கடைசிக் காலத்தில் சேர்ந்து, டி-72 வரை கை வைத்துப் பார்த்துவிட்டு, 'காத்து நல்லாருக்கு' என்று சிங்கப்பெருமாள் கோவிலில் வந்து வீடு கட்டிக்கொண்டார். (அப்போது நன்றாகத்தான் இருந்தது. இப்போது ஜி.எஸ்.டி. ரோடு லாரிகளைத்தான் கேட்கவேண்டும்.) அவர் பேரன் ஒன்பதாவது படிக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். பையன் கையில் செல்போன். அதில் 'பிப்பா' படத்தின் ஒரு காட்சி பாதியில் நின்றிருந்தது.

"அங்கிள், இந்த டாங்க்க கிட் வாங்கிப் பண்ணப்போறேன். எதை வாங்கறதுன்னு தாத்தாவுக்கும் எனக்கும் சண்டை. நீங்கதான் சினிமா பத்தி எழுதறீங்களே, நீங்க சொல்லுங்க."

சினிமா பற்றி எழுதுகிறவனுக்கும் பிளாஸ்டிக் பொம்மைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அந்தச் சண்டையில் ஒரு வாரம் மாட்டிக்கொண்டு முழித்த பிறகு ஒன்று புரிந்தது. யுத்தப் படத்துக்கு நாம் எழுதும் விமரிசனம் 'அபாரம்', 'இரண்டாம் பாதி தொய்வு' என்று முடிந்துவிடும். அதே படத்தைப் பார்த்து, கைக்காசைப் போட்டு எந்தப் பெட்டியை வாங்குவது என்று தீர்மானிக்கிறவன் செய்வதுதான் கறாரான விமரிசனம்.

முதலில் படம். 1971 பங்களாதேஷ் யுத்தத்தில் கரீப்பூர் என்ற கிராமத்தில் நடந்த டாங்க் சண்டைதான் கதை. யுத்தம் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது டிசம்பர் 3. கரீப்பூர் அதற்கு முன்பே, நவம்பர் 20, 21 தேதிகளில் முடிந்துவிட்டது. 14-வது பஞ்சாப் பட்டாலியனும் 45-வது கேவல்ரியின் 'சி' ஸ்குவாட்ரனும் நம் பக்கம். நம்மிடம் ரஷ்ய பிடி-76. அவர்களிடம் அமெரிக்க சாஃபி. சண்டையில் நம் ஸ்குவாட்ரன் தலைவர் மேஜர் தல்ஜித் சிங் நாரங் இறந்துபோக, கேப்டன் பல்ராம் சிங் மேத்தா என்ற இளைஞர் பொறுப்பேற்றார். நாரங்குக்கு மகாவீர் சக்கரம், மரணத்துக்குப் பின். மேத்தா பின்னாளில் பிரிகேடியராகி 2016-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதைத்தான் ராஜா கிருஷ்ண மேனன் இஷான் கட்டரை வைத்துப் படமாக எடுத்தார். ரஹ்மான் இசை. 2023 நவம்பரில், தியேட்டருக்கு வராமல் நேராக அமேசான் பிரைமில் வந்தது.

'பிப்பா' என்றால் பஞ்சாபியில் நெய் டின். பிடி-76 தண்ணீரில் மிதக்கும். காலி நெய் டின்னைக் குளத்தில் போட்டால் மிதக்குமே, அந்த மாதிரி. சிப்பாய்கள் வைத்த செல்லப் பெயர்.

இப்போது பெட்டிக்கு வருவோம். இந்த டாங்க்குக்கு 1/35 அளவில் சீனாவின் ட்ரம்பெட்டர் கம்பெனி கிட் போட்டிருக்கிறது. 1/35 என்றால் அசலில் 35 சென்டிமீட்டர் பொம்மையில் ஒரு சென்டிமீட்டர். பீரங்கிக் குழாயையும் சேர்த்து ஏழரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான வண்டி, சுமார் 22 சென்டிமீட்டராகிவிடும். புத்தக அலமாரியில் அடங்கும். ரஷ்யாவில் பிறந்து, இந்தியாவுக்காகச் சண்டை போட்ட டாங்க்கின் பொம்மையைச் சீனா செய்கிறது. இதற்குமேல் உலக அரசியல் பாடம் வேண்டுமா?

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். ஒன்றல்ல, மூன்று பெட்டிகள். 1951 மாடல் தனி, அடுத்த மாடல் தனி, பிடி-76பி தனி. மூன்றையும் தள்ளி நின்று பார்த்தால் அண்ணன் தம்பி ஜாடை. வித்தியாசம் குழாயில். முதல் மாடலுக்குக் குழாய் முனையில் புல்லாங்குழல் மாதிரி வரிசையாகப் பிளவுகள். அடுத்ததில் அது போய் இரண்டே பெரிய திறப்புகள். 'பி'யில் குழாயின் மேல் ஒரு வீக்கம் வரும். சுட்டபின் வரும் புகை உள்ளே திரும்பி ஆட்களைத் திணறடிக்காமல் வெளியே தள்ள அந்த ஏற்பாடு. எனவே படத்தை நிறுத்தி நிறுத்திக் குழாயைப் பாருங்கள். ஹீரோ முகத்தைப் பார்க்காதீர்கள். வீக்கம் இருக்கிறதா, முனையில் எத்தனை திறப்பு, இவ்வளவுதான் கேள்வி. பதில் கிடைத்தால் பெட்டி கிடைத்த மாதிரி. பெட்டிக்குள் வரும் ஒட்டுப்படங்களை மட்டும் நம்பவேண்டாம். நம் ரெஜிமென்ட் அடையாளங்களை நீங்களேதான் வரையவேண்டியிருக்கும்.

இந்த வேலைக்கு சினிமா எப்போதும் ஒத்துழைக்காது. சினிமாவில் டாங்க்குகளும் நடிகர்கள்தான். 1965-ல் வந்த 'பேட்டில் ஆஃப் தி பல்ஜ்' படத்தில் ஜெர்மானிய டைகர்களாக வந்தவை அமெரிக்க பேட்டன்கள். அமெரிக்க ஷெர்மன்களாக வந்தவை யார் தெரியுமா? நம் கரீப்பூர் சாஃபிகளின் உடன்பிறப்புகள்! 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தின் டைகருக்குள் இருந்தது ரஷ்ய டி-34. 2014-ல் வந்த 'ஃப்யூரி'யில்தான் இங்கிலாந்தின் பாவிங்டன் மியூசியத்திலிருந்து ஓடுகிற நிலையில் இருந்த அசல் டைகரை இரவல் வாங்கி வந்தார்கள். அதனால்தான் கிட் கட்டுகிறவர்கள் எந்தப் பெட்டியையும் திறக்கும் முன், 'படத்தில் இருந்ததைச் செய்வதா, படம் சொன்னதைச் செய்வதா?' என்று கேட்டுக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். 'பிப்பா'வுக்கு ராணுவத்தின் பழைய பிடி-76 ஒன்றையே உயிர்ப்பித்து ஓட்டினார்கள் என்பது, அந்த வகையில், பெரிய மரியாதை.

வேடிக்கை என்னவென்றால், இதே படத்தில் நஸ்ருல் இஸ்லாமின் பாட்டுக்கு ரஹ்மான் புது மெட்டுப் போட்டார். வங்காளமே கொதித்து, தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டு அறிக்கை விடவேண்டி வந்தது. பழைய ஒன்றை மறுபடி உருவாக்கும்போது எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதுதான் அங்கேயும் விவகாரம். பாட்டு மாறினால் கேட்க ஒரு மாநிலமே இருக்கிறது. டாங்க் மாறினால் கேட்க ஒன்பதாவது படிக்கும் பையன்தான் இருக்கிறான்.

சரி, தாத்தாவுக்கும் பேரனுக்கும் என்ன சண்டை? பையனுக்கு பிடி-76 போதும். தாத்தா, "ரெண்டு வாங்கு. அந்த சாஃபியும் வாங்கு. ஒரே அளவுல வாங்கு" என்கிறார்.

"எதிரி டாங்க் எதுக்கு தாத்தா?"

தாத்தா பதில் சொல்லவில்லை. "மொதல்ல பிப்பா வரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

பத்து நாளில் பெட்டி வந்தது. தாத்தா உள்ளே போய் வெர்னியர் காலிப்பரை எடுத்து வந்தார். ஆவடிப் பழக்கம், விடாது. பிளாஸ்டிக் உடம்பின் விளிம்பை அளந்தார். ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. "முப்பத்தஞ்சால பெருக்குடா" என்றார். பையன் பெருக்கினான். முப்பத்தைந்து மில்லிமீட்டருக்கு மேல் வந்தது. "அசல்ல இதோட இரும்பு எவ்வளவு கனம்?" பையன் செல்போனில் தேடினான். உடம்பில் அதிகபட்சம் 14 மில்லிமீட்டர், மேலே சுழலும் கோபுரத்தில் 20.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும்தான். அளவுப்படி பார்த்தால் பொம்மை அசலைவிட இரண்டு மடங்கு கெட்டி!

இந்த ஒரு கணக்கை அந்தப் படம் எனக்குச் சொல்லவில்லை. மிதப்பதை அழகாகக் காட்டுகிறது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு டாங்க் போகும்போது நமக்கும் குதூகலம். ஆனால் மிதக்கவேண்டும் என்றால் 14 டன்னுக்குள் உடம்பு இளைக்கவேண்டும். இளைத்தால் இரும்பு மெலியும். கரீப்பூர் சண்டை நடந்ததோ தரையில், விடிகாலை மூடுபனியில். மிதக்கிற சாமர்த்தியத்துக்கு அங்கே வேலை இல்லை. அதற்காகக் கொடுத்த விலை மட்டும் கூடவே வந்தது. அந்த மெல்லிய தகரத்துக்குள் மூன்றே பேர். ஓட்ட ஒருவர், குண்டு நிரப்ப ஒருவர், மூன்றாமவர் கமாண்டர். எதிரியைத் தேடுவது, உத்தரவு போடுவது, குறி பார்த்துச் சுடுவது மூன்றும் அவர் ஒருவர் வேலை. எதிரே வந்த சாஃபி 18 டன், அதைவிடக் கெட்டியான இரும்பு, உள்ளே ஐந்து பேருக்கு இடம். இதெல்லாம் தெரிந்தால்தான் அந்தச் சிறுசுகள் ஜெயித்ததன் கனம் தெரியும். படமோ அண்ணன், தங்கை, தம்பி என்று குடும்பத்துக்குள் போய் வருகிறது. தவறில்லை, நடித்தவர்களும் நன்றாகவே செய்தார்கள். ஆனால் மிருணாள் தாக்கூருக்கு எழுதிய வசனங்களில் நாலு வரியைக் குறைத்துவிட்டு அந்த 14 மில்லிமீட்டரை யாராவது ஒருவர் தட்டிக் காட்டியிருந்தால் போதும், கடைசிச் சண்டையில் நாம் நாற்காலி நுனிக்கு வந்திருப்போம்.

எங்கள் ஊர் பாடலாத்ரி நரசிம்மர் கோவிலுக்கு வந்திருக்கிறீர்களா? மலையைக் குடைந்து எழுந்த சந்நிதி. பெருமாளும் மலையும் ஒன்று. அவரைப் பிரதட்சிணம் செய்யவேண்டும் என்றால் மலையையே சுற்றிவரவேண்டும். முன்னால் நின்று கற்பூரம் ஒற்றிக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு, புண்ணியம் அவர்களுக்கும் உண்டு. சினிமா பார்ப்பது அந்த மாதிரி முன்னால் நின்று சேவிப்பது. சினிமா டாங்க் எப்போதும் நம்மை நோக்கித்தான் வரும். கிட் கட்டுகிறவன் சுற்றியே ஆகவேண்டும். பிடி-76 மிதந்து நகர்வதன் ரகசியம் பின்புறம் இருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் இரண்டு வட்டத் துவாரங்கள். ஒட்டும்போது பையன் அதைக் கண்டுபிடித்து, "அங்கிள், இது ஜெட்டு!" என்று கத்தினான். படத்தை மூன்று தடவை பார்த்தவன் அவன்.

அப்படிச் சுற்றிவந்தால் எதிரே நின்றவனையும் பார்க்கத்தான் வேண்டும். இங்கேதான் தாத்தாவின் கட்சி ஜெயிக்கிறது. மேத்தாவின் புத்தகத்துக்குத் தலைப்பு என்ன தெரியுமா? 'தி பர்னிங் சாஃபீஸ்'. எரியும் சாஃபிகள். சண்டையில் இருந்தவர் தன் புத்தகத்துக்கு எதிரி டாங்க்கின் பெயரை வைக்கிறார். அதைப் படமாக்கியவர்கள் நம் டாங்க்கின் பெயரை வைத்துவிட்டார்கள். வியாபாரத்துக்கு நல்லதுதான். 'பிப்பா' வாயில் நுழைகிறது, செல்லமாகவும் இருக்கிறது. ஆனால் சுமார் நாற்பத்தைந்து வருஷம் கழித்து எழுத உட்கார்ந்த சிப்பாய்க்கு முதலில் ஞாபகம் வந்தது எதிரே எரிந்த இரும்பு. படத்தில் அந்த சாஃபிகள் வருகின்றன, சுடுகின்றன, எரிகின்றன, முடிந்தது. பாவம், சாஃபிக்கு சினிமாவில் ராசி இல்லை. ஹாலிவுட்டில் ஷெர்மனுக்கு டூப், மும்பையில் பெயரில்லாத வில்லன்.

ஆகவே என் தீர்ப்பை எழுதிவிடுகிறேன். 'பிப்பா'வைச் செய்கிறவர்கள் இரண்டு பெட்டி வாங்கவேண்டும். சாஃபிக்கு இத்தாலியின் இட்டாலரி போட்ட பழைய கிட் இருக்கிறது, தைவானின் ஏ.எஃப்.வி. கிளப் போட்டதும் இருக்கிறது. முன்னதில் வேலை குறைவு, பின்னதில் நுணுக்கம் அதிகம். முதல் தடவை என்றால் இட்டாலரி போதும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் கதை.

பையனின் பிப்பா முடிந்துவிட்டது. மேலே இருக்கும் பெரிய மூடியைத் திறந்த மாதிரி ஒட்டியிருக்கிறான். மூடிவிட்டால் வேலை சுலபம், உள்ளே ஒன்றும் வைக்கவேண்டாம். "தொறந்தா ஆள் வைக்கணும்டா" என்றார் தாத்தா. ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைவான ஒரு மனிதர், இடுப்பளவு வெளியே தெரிய நிற்கிறார். யார் என்று நான் கேட்கவில்லை. பையன் அவருக்கு முகத்தில் மீசை மட்டும் வரைந்திருக்கிறான்.

சாஃபி போன வாரம் வந்தது. ஒட்டியும் ஆயிற்று. பெயின்ட் அடிப்பதில் புதுச் சண்டை. எரிந்து கரிந்த மாதிரி அடிக்கவேண்டும், அதுதான் படத்தில் இருக்கிறது என்கிறான் பேரன். "முழுசா அடி. எரியறதுக்கு முன்னாடி அதுவும் ஒரு வண்டிதான், உள்ள அதுலயும் ஆளுங்க உட்கார்ந்திருந்தாங்க" என்கிறார் தாத்தா. பெயின்ட் அடிக்காத அந்த டாங்க் இப்போது என் மேஜை மேல் இருக்கிறது, மறுபடி தீர்ப்புக்காக.

நீங்களாக இருந்தால் என்ன நிறம் அடிப்பீர்கள்?